மைக்கேல் வாட்சன்: 28 நிமிடங்களும் ஒரு தீர்ப்பும்

1991 செப்டம்பர் 21, சனிக்கிழமை, இரவு 10:54. வடக்கு லண்டனில் டோட்டன்ஹாம் கால்பந்து அணியின் ஒயிட் ஹார்ட் லேன் மைதானத்தில் போட்டிருந்த பாக்ஸிங் ரிங்கில், 12வது ரவுண்டு தொடங்கி அரை நிமிடம் ஆவதற்குள் நடுவர் ராய் பிரான்சிஸ் குறுக்கே புகுந்து சண்டையை நிறுத்தினார். ஜெயித்தவர் கிறிஸ் யூபேங்க். தோற்றவர் மைக்கேல் வாட்சன், வயது 26. அதற்கு ஒரு ரவுண்டு முன்புவரை புள்ளிகளில் முன்னால் இருந்தவர் வாட்சன்தான்.

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ளக் கடிகாரத்தைப் பார்த்தாலே போதும். நிறுத்தியதிலிருந்து ஒரு டாக்டர் அவரைப் பரிசோதிக்க 7 நிமிடம். முதல் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர 28 நிமிடம். தலைக்குள் ரத்தம் கசிந்து தேங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு, மூச்சுக்குழாயில் குழாய் செருகி முறையாக ஆக்சிஜன் கொடுப்பது அந்த 28 நிமிடத்தில் நடக்கவே இல்லை. வாட்சனைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் யூபேங்கின் அந்த ஒரு குத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் குத்தைவிட அதன் பிறகு போன நிமிடங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. பின்னால் கோர்ட்டில் நின்றதும் அந்த நிமிடங்கள்தான்.

முதலில் ஆளைச் சொல்ல வேண்டும். கோமாவில் கிடந்தவர் என்று மட்டும் வாட்சனை நினைவு வைத்திருப்பது அவருக்குச் செய்கிற அநியாயம், அவர் அத்தனை நல்ல பாக்ஸர். 1965-ல் லண்டனில் பிறந்தார், 1984-ல் தொழில்முறைக்கு வந்தார். ஆர்ப்பாட்டமாகப் பேசிக் கூட்டம் சேர்க்கிற ஆள் கிடையாது. இரண்டு கைகளையும் உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டு, எதிராளி அடித்து அடித்துக் களைக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு முன்கையை நேராக நீட்டிக் குத்துகிற ஜேப் போட்டுப் பிரிக்கிற வகை.

அந்தப் பாணி எவ்வளவு கூர்மையானது என்பது 1989 மே 21 அன்று ஊருக்கே தெரிந்தது. ஃபின்ஸ்பரி பார்க்கில் பெரிய கூடாரம் போட்டு நடந்த சண்டை. எதிரே நைஜல் பென். அதுவரை ஆடிய 22 சண்டைகளிலும் ஜெயித்தவர், 22 பேரையும் எல்லா ரவுண்டும் முடியும் முன்பே வீழ்த்தியவர். எல்லோரும் பென்னைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். முதல் ரவுண்டிலிருந்தே பென் கண்மண் தெரியாமல் அடித்தார், வாட்சன் முன்கைகளாலும் கிளவுஸாலும் வாங்கிக்கொண்டே இருந்தார், இடையிடையே சுருக்கமாகத் திருப்பிக் கொடுத்தார். ஐந்தாவது ரவுண்டுக்குள் பென்னின் கைகள் கனத்துப்போய்விட்டன. ஆறாவதில் ஒரே ஒரு ஜேப், பென் கீழே விழுந்தார், பத்து எண்ணி முடிப்பதற்குள் எழ முடியவில்லை. நாக்-அவுட்டுக்குப் பேர்போன ஒருவரை வெறும் ஜேப்பில் படுக்க வைப்பதெல்லாம் எப்போதாவதுதான் பார்க்கக் கிடைக்கும்.

அடுத்த வருடம் ஏப்ரலில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மைக் மெக்கல்லமிடம் உலகப் பட்டத்துக்கு மோதி, 11வது ரவுண்டில் தோற்றார். மெக்கல்லம் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பாக்ஸர்களில் ஒருவர், அவரிடம் தோற்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இதற்கு நடுவே நடந்த ஒரு விஷயத்தைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். வாட்சனுக்கு மேனேஜராக இருந்தவர் மிக்கி டஃப். சண்டைகளை ஏற்பாடு செய்து நடத்துகிற புரொமோட்டரும் அவரேதான். யோசித்துப் பாருங்கள்: மேனேஜரின் வேலை தன் பையனுக்கு எவ்வளவு அதிகமாகப் பணம் வாங்கித் தர முடியுமோ அவ்வளவு வாங்கித் தருவது. புரொமோட்டரின் வேலை, பாக்ஸருக்குப் போகிற பணத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது. ஒரே ஆள் இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தால் பேரம் யாருக்காக நடக்கும்? வாட்சன் ஒப்பந்தத்திலிருந்து விடுபட வழக்குப் போட்டார். டஃபின் இயற்பெயரான பிரேகர் என்ற பெயரில்தான் அந்த வழக்கு சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. 1991-ல் நீதிபதி ஸ்காட், அந்த ஒப்பந்தம் ஒருவரின் தொழில் உரிமையை நியாயமில்லாமல் கட்டிப்போடுகிறது, அதனால் அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தார். வாட்சன் ஜெயித்தார்.

அந்த ஒப்பந்தத்தின் வாசகம் டஃப் தன் இஷ்டத்துக்கு எழுதியது இல்லை, பிரிட்டிஷ் பாக்ஸிங் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துக் கொடுத்த படிவம். அந்த நாட்டில் தொழில்முறையாகச் சண்டை போட வேண்டுமானால் வாரியத்தின் லைசென்ஸ் வேண்டும், வாரியத்தின் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், வாரியம் சொல்கிற விதிகளின்படிதான் ரிங்கில் ஏற வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

சரி, யூபேங்க். ஒற்றைக் கண்ணாடி, கைத்தடி, ரிங் கயிற்றைத் தாண்டிக் குதித்து உள்ளே வருவது, மார்பை நிமிர்த்தி நிற்பது என்று தன்னை ஒரு நாடகமாகவே ஆக்கி வைத்திருந்தவர். ஜனங்கள் அவர் தோற்பதைப் பார்க்கவே டிக்கெட் வாங்கினார்கள். 1991 ஜூன் 22, எர்ல்ஸ் கோர்ட்டில் வாட்சன் அவருடன் மிடில்வெயிட் பட்டத்துக்கு மோதினார். புள்ளி போடும் மூன்று நடுவர்களில் இருவர் யூபேங்குக்குக் கொடுத்தார்கள், ஒருவர் சமம் என்றார். வாட்சன் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தவர்கள் நிறைய. ஒரே சத்தம். அதனால் மூன்றே மாதத்தில் மறு சண்டை, இந்த முறை ஒரு எடைப் பிரிவு மேலே, சூப்பர் மிடில்வெயிட்டில், காலியாக இருந்த உலகப் பட்டத்துக்கு.

மறு சண்டையின் பதிவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வாட்சன் அன்றைக்கு முன்னேறிக்கொண்டே இருந்தார், யூபேங்கை மூச்சு வாங்க விடவில்லை. 11வது ரவுண்டின் கடைசி நொடிகளில் யூபேங்க் கீழே விழுந்தார். கூட்டம் எழுந்து நின்றது. யூபேங்க் எழுந்தார், நடுவர் எண்ணி முடித்து விலகினார், வாட்சன் முடித்துவிடலாம் என்று கிட்டே போனார், யூபேங்க் கீழிருந்து ஒரு வலது அப்பர்கட் வீசினார். வாட்சன் அப்படியே பின்னால் சரிந்தார், பின்கழுத்து கயிற்றில் மோதியது. இவ்வளவும் சில நொடிகளில். எழுந்து நின்றார், மணி அடித்தது, மூலைக்குப் போனார். 12வது ரவுண்டுக்கு அவர் வந்து நின்றபோது கண்களில் எதுவும் இல்லை. யூபேங்க் தொடர்ந்து அடிக்க, வாட்சன் திருப்பி அடிக்கவில்லை. பிரான்சிஸ் நிறுத்தினார்.

நிறுத்திய பிறகு ரிங்குக்குள் ஆட்கள் திமுதிமுவென்று ஏறினார்கள். கீழே இருக்கைகள் பக்கம் கைகலப்பு. அந்தக் கூட்டத்துக்கு நடுவே வாட்சன் நினைவிழந்து சரிந்தார். வாரியத்தின் விதிப்படி டாக்டர்கள் மைதானத்தில் இருந்தார்கள், ஆம்புலன்ஸும் நின்றிருந்தது. இல்லாதது என்னவென்றால், நினைவிழந்த ஒருவருக்கு அந்த இடத்திலேயே செயற்கை சுவாசம் கொடுக்கத் தேவையான கருவிகளும், அவற்றைக் கையாளப் பழகிய ஒருவரும். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்பதிலும் முன்யோசனை இல்லை. பக்கத்தில் இருந்த நார்த் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் குழாய் செருகி ஆக்சிஜன் கொடுத்தார்கள், மூளை வீக்கத்தைக் குறைக்க மருந்து ஏற்றினார்கள். ஆனால் அங்கே மூளை அறுவை சிகிச்சைப் பிரிவு கிடையாது. திரும்பவும் ஆம்புலன்ஸ், இந்த முறை நகரின் நடுவே இருக்கும் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரிக்கு. அங்கே நரம்பியல் அறுவை நிபுணர் பீட்டர் ஹாம்லின் காத்திருந்தார்.

இந்தத் தாமதம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? மூளைக்கும் அதைச் சுற்றியிருக்கும் தடித்த உறைக்கும் இடையே மெல்லிய ரத்த நாளங்கள் பாலம் போல ஓடுகின்றன. தலை வேகமாகச் சுழலும்போது மூளை ஒரு கணம் பின்தங்குகிறது, அந்த நாளங்கள் இழுபட்டுக் கிழிகின்றன. ரத்தம் கசிகிறது. மண்டையோடு மூடிய பாத்திரம், விரிந்து கொடுக்காது. உள்ளே ரத்தம் தேங்கத் தேங்க அழுத்தம் ஏறுகிறது, ஏறிய அழுத்தத்தை மீறி இதயத்தால் மூளைக்குப் புது ரத்தம் அனுப்ப முடியாமல் போகிறது. நினைவிழந்தவருக்கு மூச்சும் சரியாக வராது, ஆக்சிஜன் குறையும், கரியமில வாயு கூடும், அது கூடினால் மூளையின் நாளங்கள் இன்னும் விரியும், அழுத்தம் இன்னும் ஏறும். ஒன்று இன்னொன்றைத் துரத்துகிற சுழல் இது. குத்து உண்டாக்கியது முதல் காயம், இந்தச் சுழல் உண்டாக்குவது இரண்டாவது காயம். முதலாவதை யாராலும் திரும்பப் பெற முடியாது. இரண்டாவதை, ரிங் ஓரத்திலேயே சுவாசக் குழாய் செருகி ஆக்சிஜன் கொடுத்தால், ரத்தக் கட்டை எடுக்கும்வரை பெரும்பாலும் கட்டுப்படுத்தி வைக்கலாம்.

வாட்சன் 40 நாள் கோமாவில் இருந்தார். மூளையில் ஆறு அறுவை சிகிச்சைகள். பிழைப்பாரா என்பதே சந்தேகம், பிழைத்தாலும் நடக்கமாட்டார், பேசமாட்டார் என்றே டாக்டர்கள் நினைத்தார்கள். கண் விழித்த பிறகும் மாதக்கணக்கில் பேச்சு இல்லை. இடது பக்கம் செயலிழந்தது. வருடக்கணக்கில் சக்கர நாற்காலி. 30 சண்டைகளோடு அவருடைய பாக்ஸிங் முடிந்தது: 25 வெற்றி, 4 தோல்வி, 1 சமன்.

பிறகு அவர் வாரியத்தின் மேல் வழக்குப் போட்டார். யூபேங்கின் மேல் போடவில்லை, நடுவர் மேலும் போடவில்லை. வழக்கின் கூர்மையே அங்கேதான் இருக்கிறது. அடி வாங்கியதற்கு நஷ்டஈடு கேட்கவில்லை, அடி வாங்கத்தான் ரிங்கில் ஏறினார், அது அவருக்கும் தெரியும். அடிபட்ட பிறகு கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சை கிடைக்காததற்கு, அந்த ஏற்பாட்டை விதியாக எழுதி வைக்காதவர்கள் பொறுப்பு என்றார்.

வாரியம் என்ன சொன்னது? நாங்கள் சண்டையை நடத்துபவர்கள் இல்லை, விதிகளை மட்டும் வகுக்கிறோம். லாப நோக்கம் இல்லாத அமைப்பு. சட்டப்படி இப்படியொரு சங்கத்தின் மேல் அந்தக் கடமை எதுவும் விழாது. அப்படி விழுந்தால் விளையாட்டை நிர்வகிக்க யாருமே முன்வரமாட்டார்கள். அப்புறம், ஆக்சிஜன் உடனே கொடுத்திருந்தாலும் இதே கதிதான் ஆகியிருக்கும், யாருக்குத் தெரியும் என்ற வாதமும் இருந்தது.

இந்த வாதங்களை அலட்சியமாகத் தள்ள முடியாது. யாரோ ஒருவர் விபத்தில் கிடக்கிறார், நாம் உதவாமல் போனால் அது மனசாட்சிக்கு உறுத்தும், ஆனால் இங்கிலாந்துச் சட்டம் பொதுவாக நம்மைத் தண்டிக்காது. உதவாமல் விட்டதற்காக ஒருவரைப் பொறுப்பாக்குவது அங்கே எப்போதுமே கடினம். அதிலும் நேரடியாகச் சிகிச்சை தருகிற டாக்டர் இல்லை இவர்கள், விதி எழுதுகிறவர்கள். ஒரு படி தள்ளி நிற்கிறார்கள்.

1999 செப்டம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதி இயன் கென்னடி வாட்சன் பக்கம் தீர்ப்புச் சொன்னார். வாரியம் மேல்முறையீடு போனது. 2000 டிசம்பர் 19 அன்று லார்ட் ஃபிலிப்ஸ் தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பின் எலும்புக்கூடு எனக்குப் புரிந்தவரை இதுதான்: மற்ற விளையாட்டுகளில் காயம் தற்செயலாக வருகிறது, பாக்ஸிங்கில் காயம் வரத்தான் செய்யும், அடிப்பதுதான் ஆட்டமே. அந்த ஆட்டத்தை வாரியத்தின் லைசென்ஸ் இல்லாமல் யாரும் ஆட முடியாது. ரிங் ஓரத்தில் எத்தனை டாக்டர், என்ன கருவி என்பதை வாரியத்தின் விதிதான் முடிவு செய்கிறது, புரொமோட்டர் அதைத்தான் நிறைவேற்றுகிறார். வாரியத்திடம் மருத்துவ நிபுணர்கள் இருக்கிறார்கள், ஒரு பாக்ஸரிடம் அந்த அறிவு கிடையாது, அவர் நம்பி ஏறுகிறார். அந்த நம்பிக்கையை வாங்கிக்கொண்டவர்களுக்கு நியாயமான அக்கறை காட்டும் கடமை உண்டு. தலைக்காயத்தில் முதல் நிமிடங்களின் முக்கியத்துவம் 1991-க்கு முன்பே மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த விஷயம், அது விதியில் ஏறாமல் போனது தவறு. உடனடி சிகிச்சை கிடைத்திருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்பதையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இப்போது அந்தப் பழைய மேனேஜர் வழக்கை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் வாரியத்தின் படிவம், இங்கேயும் வாரியத்தின் விதி. ஒன்று அவருடைய பணத்தைப் பற்றியது, மற்றது அவருடைய உயிரைப் பற்றியது. இரண்டிலும் பாக்ஸருக்குப் பேரம் பேச இடமே இல்லை, வாரியம் எழுதியதுதான் சட்டம். எழுதுகிற அதிகாரம் உங்களிடம் இருக்கும்போது எழுதாமல் விட்டதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இதில் துளியும் சந்தேகம் இல்லை.

ஜெயித்த வழக்கில் பணம் முழுதாக வரவில்லை என்பது மனதை அறுக்கிறது. நஷ்டஈடு 10 லட்சம் பவுண்டைத் தாண்டும் என்று பேசப்பட்டது. வாரியத்திடம் அவ்வளவு பணமும் இல்லை, இப்படியொரு வழக்குக்கான காப்பீடும் இல்லை. கடைசியில் 2001-ல் 4 லட்சம் பவுண்டுக்கு வாட்சன் ஒத்துக்கொண்டார். அதைக் கொடுக்கவே வாரியம் லண்டனில் இருந்த தன் தலைமையகத்தை விற்க வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுவதும் பராமரிப்பு தேவைப்படுகிற ஒருவருக்கு அந்தத் தொகை எத்தனை வருடத்துக்கு வரும்?

விதிகள் தீர்ப்புக்கு முன்பே மாறத் தொடங்கிவிட்டன. அதற்குக் காரணம் ஹாம்லின் விடாமல் போட்ட சண்டை. ரிங் ஓரத்தில் சுவாசக் குழாய் செருகத் தெரிந்த மயக்க மருந்து டாக்டர், தயாராக நிற்கும் ஆம்புலன்ஸ், அருகில் உள்ள மூளை அறுவைப் பிரிவுக்கு முன்கூட்டியே தகவல் என்று ஒவ்வொன்றாக வந்தது. பலன் ஒரே மாதிரி இல்லை. 1994-ல் பிராட்லி ஸ்டோன் சண்டை முடிந்து நடந்தே போனார், மணி நேரங்கள் கழித்துச் சரிந்தார், பிழைக்கவில்லை. ரிங் ஓரத்து டாக்டரால் அதற்கு எதுவும் செய்திருக்க முடியாது. 1995-ல் ஜெரால்ட் மெக்லெல்லன், இதே நைஜல் பென்னுடன் மோதிய சண்டையில் சரிந்தார், உடனடி சிகிச்சையில் உயிர் தப்பியது, பார்வை போனது, கேட்கும் திறன் பெரும்பாலும் போனது. 1998-ல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஸ்பென்சர் ஆலிவர் சரிந்தபோது அங்கேயே மயக்க மருந்து கொடுத்து, ஆக்சிஜன் கொடுத்து, அறுவைக்குக் கொண்டுபோனார்கள். ஆலிவர் நன்றாகத் தேறினார், பின்னால் டிவியில் பாக்ஸிங் வர்ணனைக்கே வந்தார். அவரை வாட்சனின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த 28 நிமிடத்தின் விலை என்னவென்று தெரிந்துவிடும்.

2003 ஏப்ரலில் வாட்சன் லண்டன் மாரத்தானில் கலந்துகொண்டார், மூளை மற்றும் தண்டுவட ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட. 26 மைலுக்குச் சற்று அதிகமான அந்தத் தூரத்தை நடந்து முடிக்க ஆறு நாள் ஆனது. கடைசி அடிகளை வைத்தபோது பக்கத்தில் ஹாம்லின் நடந்தார், யூபேங்கும் நடந்தார். வாட்சன் யூபேங்கைக் குறை சொன்னதே இல்லை. யூபேங்க்தான் அதைச் சுமந்தார். அந்த இரவுக்குப் பிறகு எதிராளியை முடித்துவிடும் வேகம் தன்னை விட்டுப் போய்விட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். பார்த்தாலும் தெரியும், அதன்பின் வந்த பட்டச் சண்டைகளில் பல முழு 12 ரவுண்டும் ஓடிப் புள்ளிகளில் முடிந்தவை.

2016 மார்ச் 26, வெம்ப்ளி. இப்போது ரிங்கில் யூபேங்கின் மகன், எதிரே நிக் பிளாக்வெல். அப்பா மூலையில் நிற்கிறார். மகன் பலமாக ஜெயித்துக்கொண்டிருக்கிறான், பிளாக்வெல்லின் முகம் வீங்கிக்கொண்டே போகிறது, நடுவர் நிறுத்தவில்லை. ரவுண்டு இடைவேளையில் அப்பா மகனிடம் குனிந்து, நடுவர் நிறுத்தவில்லை என்றால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று சொல்லி, இனி தலையில் அடிக்காதே, உடம்பில் அடி என்கிறார். ஒலிவாங்கியில் அது பதிவாகியிருக்கிறது. 10வது ரவுண்டில் டாக்டர் பார்த்து, கண் மூடிவிட்டது என்று சண்டையை நிறுத்த வைத்தார். கொஞ்ச நேரத்தில் பிளாக்வெல் சரிந்தார். அங்கேயே ஆக்சிஜன் கொடுத்தார்கள், ஸ்ட்ரெச்சரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்தாலேயே கோமாவில் வைத்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு இருந்தது. ஒரு வாரத்தில் கண் விழித்தார்.